உளுந்து காயும் ரோடு

பங்குனி மாதத்தில் வலங்கைமானிலிருந்து நீடாமங்கலம் போகிறவர்கள் அவசரப்படக் கூடாது. ரோடெல்லாம் உளுந்து கிடக்கும். நீங்கள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று ஏட்டய்யா சொன்னார், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. சம்பா அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஈரம் இருக்கும்போதே வயலில் உளுந்து தெளித்துவிடுவோம். பங்குனியில் அதைச் செடியோடு பிடுங்கி ரோட்டில் பரப்பினால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் செடியை உதறி ஒதுக்கிவிட்டு உளுந்தைக் கூட்டி அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். போலீஸ் வந்து திட்டும். தலையைச் சொறிந்துகொண்டு நிற்போம். மறுநாளும் பரப்புவோம்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தருகிறேன் என்று கேட்டேன், நீங்களும் பெரிய மனதோடு பேப்பர் கொடுத்தீர்கள். என் பெயர் அடைக்கலசாமி. வலங்கைமானில் உரக்கடை வைத்திருக்கிறேன். நீடாமங்கலம் ரோட்டை ஒட்டி நிலம் இருக்கிறது. மனைவி ஜாஸ்லின். ஒரே மகள் டெல்ஃபின், பிளஸ் டூ. உடன்பிறந்தவள் அருள்செல்வி ஒருத்திதான், எனக்கு இளையவள். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவளைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் நான். மாப்பிள்ளை எல்வின் தஞ்சாவூரில் பழைய கார் வாங்கி விற்கிறவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. வாய் மட்டும் சர்க்கரை.

எனக்கும் கெட்ட பழக்கம் கிடையாது, கார் ஆசை ஒன்றைத் தவிர. சின்ன கார் இல்லை. தாழ்வாக, நீளமாக, கறுப்பாக, மிதித்தால் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொள்கிற ஜெர்மன் கார். புதிதாக வாங்க உரக்கடைக்காரனால் ஆகாது. பழசாக ஒன்று தோதாக வந்தால் சொல்லுங்கள் மாப்பிள்ளை என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஆவணியில் கூப்பிட்டார்.

“டாக்டர் வண்டி மச்சான். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனதத் தவிர வேற ஒண்ணும் தெரியாது அதுக்கு. உங்களுக்குன்னே வந்திருக்கு,” என்றார்.

பார்த்த மாத்திரத்தில் விழுந்துவிட்டேன். ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. தஞ்சாவூர் பைபாஸில் ஒரு மிதி மிதித்தபோது எனக்கு இருபது வயது குறைந்தது உண்மை. ஆனால் என்னை மயக்கியது வேகம் இல்லை ஐயா, அமைதி. அந்தக் காரின் கண்ணாடி இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருப்பார்கள். பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் கத்திக்கொண்டிருக்கும், கதவைச் சாத்தினால் ஒன்றும் கேட்காது. கடையில் நாளெல்லாம் யூரியா வந்ததா, பொட்டாஷ் வந்ததா என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதுக்கு அது எவ்வளவு சுகம் என்று சொல்லத் தெரியவில்லை. சில நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வண்டியைக் கிளப்பாமல் சும்மா உள்ளே உட்கார்ந்திருப்பேன். ஜாஸ்லின் ஜன்னலைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுவாள்.

வைத்து ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளத்துக்கு டயர் தாங்காது. நல்ல பெட்ரோலுக்குக் கும்பகோணம் போக வேண்டும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் வயிறு தேயும். அடியில் இன்ஜினையும் சைலன்சர் குழாயையும் மூடி ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. அது தேய்ந்து தொங்கி ரோட்டில் இழுபட ஆரம்பித்தது. தஞ்சாவூர் மெக்கானிக் ஆஸிம் பாய் அதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டார். கடைத்தெருவில் நான் இறங்கினால் மந்திரி வந்துட்டார் என்று கிண்டல் செய்வார்கள். எனக்குக் கோபமே வராது.

ஒன்றைத்தான் நான் கவனிக்கவில்லை. அருள்செல்வி ஒரு நாளும் அந்தக் காரில் ஏறவில்லை. எங்கள் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்த அன்று எல்லாரையும் ஒரு சுற்று கூட்டிப்போனேன். எனக்கு ஏசி வண்டின்னா குமட்டும்ணே என்று அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்வின் பானெட்டில் கை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார், அவரும் ஏறவில்லை. டெல்ஃபின் முன் சீட்டில் உட்கார்ந்து அத்தைக்குக் கையாட்டினாள். பத்திரமாப் போயிட்டு வாம்மா என்று அருள்செல்வி பதிலுக்குக் கையாட்டிச் சொன்னது எனக்குக் கேட்டது, அப்போது கண்ணாடி இறக்கியிருந்தது.

மாசியில் பூதலூரில் ஜாஸ்லினுடைய சித்தப்பா வீட்டுக் கல்யாணம். திரும்பும்போது ஒரு கிராமத்து ரோட்டில் வைக்கோல் காயப்போட்டிருந்தார்கள், ஏறி வந்தேன். கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை. ஓரமாக நிறுத்தி இறங்கி, கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தால் சைலன்சர் குழாயைச் சுற்றி வைக்கோல் பிரியாக முறுக்கிக்கொண்டு கனல்கிறது. அந்த இன்ஜினுக்குச் சூடு அதிகம். விரட்டி ஓட்டி வந்தால் அடியில் இருக்கிற குழாய் கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி இருக்கும். மூடியிருந்த தட்டும் டிக்கியில் கிடக்கிறது. நான் நிமிர்வதற்குள் வண்டியின் விளக்கெல்லாம் செத்தது. எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டது.

உள்ளே ஜாஸ்லினும் டெல்ஃபினும் இருந்தார்கள். கைப்பிடியை இழுக்கிறார்கள், வரவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. என் கையில் சாவி, அதற்கும் மதிப்பில்லை. புகை உள்ளே ஏறியது. என் மகள் உள்ளங்கையால் கண்ணாடியை அடித்தாள். வாயைத் திறந்து கத்துகிறாள் என்று தெரிந்தது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. கல்லை எடுத்து அடித்தேன், கல் தெறித்தது. கடைசியில் ஒரு டிராக்டர்காரர் கடப்பாரையோடு ஓடி வந்தார். நடுவில் அடித்தால் விரிசல்தான் விழுகிறது, ஓரத்தில் அடிங்க என்று நான்தான் சொன்னேன். ஓரத்தில் அடித்ததும் கண்ணாடி மடங்கிக்கொண்டு வந்தது. இருவரையும் இழுத்துப் போட்டோம். பக்கத்து பம்புசெட்டுத் தண்ணீரை அடித்துத் தீயை அணைத்தார்கள்.

டெல்ஃபின் அதற்குப் பிறகு பள்ளிக்கூட வேனில் ஏறுவதில்லை. வீட்டில் அவள் அறைக் கதவை யாராவது சாத்தினால் எழுந்து வந்து திறந்து வைப்பாள். திறந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஆஸிம் பாயிடம் விட்டேன். அவர் சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அடியில் வண்டல் படிந்திருந்தது. நான் விவசாயி, வண்டலைப் பார்த்தால் எனக்குத் தெரியும். விரலில் எடுத்து முகர்ந்தேன். எங்கள் ஆற்று வண்டல் இல்லை, சாக்கடை வாடை.

“தண்ணியில மூழ்கின வண்டிண்ணே. சென்னை வெள்ளத்துல சீட்டு மட்டம் நின்னிருக்கும். கதவுப் பூட்டுக்குப் போற வயரெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. மாப்பிள்ள உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?” என்றார்.

அன்றே அருள்செல்வி வீட்டுக்குப் போனேன். அவளை எச்சரிக்கத்தான் போனேன், உன் புருஷன் இப்படிப்பட்டவன் என்று. எல்வின் வீட்டில் இல்லை. அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் கண்ணாடியை அடித்ததைச் சொன்னபோது அழுதாள், நிஜமாகவே அழுதாள். பிறகு வண்டலைப் பற்றிச் சொன்னேன்.

“தெரியும்ணே,” என்றாள்.

“எப்பலேர்ந்து?”

“அவரு வாங்கினப்பவே. லாரியில ஏத்தித்தான் கொண்டாந்தாரு. வாசல்லயே கெடந்துச்சு, யாரும் வாங்கல.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க.”

அவள் எகத்தாளமாகச் சொல்லவில்லை. உப்புப் போட மறந்துவிட்டேன் என்பதுபோலச் சொன்னாள். அதனாலதான் நீ ஏறலையா என்று கேட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எல்வின் ஏமாற்றியதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது ஐயா, அவர் பிழைப்பு அது. ஆனால் நான் தூக்கி வளர்த்தவள், தான் ஏற மாட்டாத வண்டியில் என் பிள்ளை ஏறுவதை வாசலில் நின்று பார்த்துக் கையாட்டியிருக்கிறாள். அன்று அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மன்னிச்சிருங்கண்ணே என்று அவள் சொல்லவில்லை. பஸ்ஸில் நீடாமங்கலம் தாண்டும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

ஆஸிம் பாயிடம் வண்டி ஓடினால் போதும் என்று சொன்னேன். உடைந்த கண்ணாடிக்குப் பதில் அதே இரட்டைக் கண்ணாடி போடச் சொன்னேன், மட்டமானது வேண்டாம் என்றேன். அடித்தட்டை மாட்டட்டுமா என்றார், இருக்கட்டும் என்றேன். பூட்டுக்கான சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். விற்கப்போகிற வண்டிக்கு அது எதற்கு என்று சொல்லிவிட்டேன். வெந்துபோன வயரை ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர், சூடு ஏறினால் மறுபடியும் இப்படித்தான் நின்று பூட்டிக்கொள்ளும், தயவுசெய்து நீங்கள் ஓட்டாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக உருட்டி வீட்டில் கொண்டுவந்து விட்டதும் அவர் ஆள்தான். நான் ஓட்ட மாட்டேன் பாய் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறவில்லை.

அப்போது எங்களுக்குத் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு. பகையை வைத்துக்கொண்டு பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வராதீர்கள், முதலில் சமாதானமாகுங்கள் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். நானும் அருள்செல்விக்கு போன் செய்தேன். நடந்தது நடந்துவிட்டது, குருத்து ஞாயிறு அன்று இருவரும் சாப்பிட வாருங்கள் என்றேன். அவள் போனிலேயே அழுதாள். அழுதாள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் வந்தார்கள். தவக்காலம் என்பதால் கறி இல்லை. ஜாஸ்லின் வடை பாயசத்தோடு சமைத்திருந்தாள். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது, அதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். டெல்ஃபின் வெளியே வரவில்லை, திறந்த கதவு வழியாகத் தலை மட்டும் தெரிந்தது. அருள்செல்வி எட்டிப் பார்த்து, எளச்சுப் போயிட்டியேம்மா என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்வினிடம் விஷயத்தைச் சொன்னேன். நீடாமங்கலத்தில் ஒரு டாக்டர் வண்டியை வாங்கிக்கொள்கிறார், கொண்டுபோய் விட்டுவிட்டு அங்கேயே தஞ்சாவூர் ரயிலைப் பிடித்துவிடுங்கள், வருவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படி ஒரு டாக்டர் கிடையாது. அவர் எனக்குச் சொன்ன அதே டாக்டரைத்தான் நான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். மாப்பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. வாங்குகிறவர் எதிரில் புகை தள்ளினால் நன்றாக இருக்காது, போகிற வழியில் ஸ்போர்ட் மோடில் போட்டு நன்றாக மிதித்துப் புகையைக் கழித்துவிடுங்கள் என்றேன். அது எனக்குத் தெரியாதா மச்சான் என்று சிரித்தார்.

அருள்செல்வி காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பஸ்லயே ஸ்டேஷனுக்கு வந்துடறேனே என்றாள்.

“ஏன்? இன்னும் குமட்டுதா?” என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “பூட்டெல்லாம் சரி பண்ணியாச்சாண்ணே?” என்றாள்.

“பண்ணியாச்சு. உங்கிட்ட நான் பொய் சொல்லுவேனா?”

அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்தில் அவள் வாய் திறந்திருக்கலாம். ஏற மாட்டேன், தப்பு எங்க மேலதான் என்று சொல்லியிருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். நான் இடம் கொடுக்காமல் இல்லை. ஏறு, மச்சான் மனசு நோகப்போவுது என்று எல்வின் காருக்குள்ளிருந்து சொன்னார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருவரையும் ஜாஸ்லின் மறுபடி வீட்டுக்குள் கூட்டிப்போனாள். நான் வயல் வேலையைப் பார்க்க வேண்டும் என்று விடைபெற்று, வாய்க்கால் கரை வழியாக மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். கரை வழி சுருக்கு வழி.

ரோட்டில் என் உளுந்து காலையிலேயே கிடந்தது. சாதாரணமாகக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்புவோம். அன்று முழங்கால் உயரத்துக்குப் போடச் சொல்லியிருந்தேன். என் வயலைப் பார்த்துக்கொள்கிற துரைராசு, இவ்வளவு கனமாப் போட்டா காரு போவாதுங்களே என்று கேட்டான். லாரி வரும்ப்பா என்றேன். செடி நன்றாக முறுகிக் காய்ந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் கிடையாது, மேட்டூர் அணையைச் சாத்திய பிறகு பங்குனியில் எந்த வாய்க்காலிலும் தண்ணீர் இருக்காது. பக்கத்தில் பம்புசெட்டும் இல்லை.

கடப்பாரை எடுத்துப் போயிருந்தேன். இதை நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கொல்ல நினைக்கிறவன் கடப்பாரையோடு போக மாட்டான். என் மனைவியும் மகளும் பட்டதை இவர்களும் கொஞ்ச நேரம் படட்டும், பிறகு நானே ஓரத்தில் அடித்துக் கண்ணாடியை எடுப்பேன், அருள்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் நினைத்திருந்தது அவ்வளவுதான்.

இன்ஜின் உறுமுவது தூரத்திலேயே கேட்டது. மாப்பிள்ளை சொன்னபடி மிதித்துக்கொண்டு வந்தார். உளுந்தைக் கண்டு வேகம் குறைத்தார். நான் ஓரத்தில் நின்று, ஏறி வாங்க ஏறி வாங்க என்று கையசைத்தேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் கையசைப்போம். அவரும் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஏற்றினார். பாதி தூரம் வந்ததும் செடி அடியில் சுற்றிக்கொண்டு வண்டி திணறியது. மிதித்தார். இன்னும் மிதித்தார். அடியிலிருந்து முதலில் வெள்ளைப் புகை வந்தது. பிறகு விளக்கெல்லாம் செத்தது.

உளுந்துச் செடி வைக்கோலைவிட வேகமாகப் பிடிக்கும். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கூலிக்கு வந்த பெண்கள் முறத்தால் மண்ணை அள்ளி அள்ளி வீசினார்கள். துரைராசு செடியைக் கவைக்கம்பால் இழுத்து ஒதுக்கப் பார்த்தான். நான் அருள்செல்வி பக்கத்து ஜன்னலருகே போனேன். அவள் மடியில் கோயிலில் கொடுத்த குருத்தோலை இருந்தது. எல்வின் காலால் கதவை உதைத்துக்கொண்டிருந்தார், அவரை நான் அதிகம் பார்க்கவில்லை. அவள் கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். கடப்பாரை என் கையில் இருந்தது.

உடைங்கய்யா என்று துரைராசு ஓடி வந்து கடப்பாரையைப் பிடுங்கினான். நான் விடவில்லை. அவன் என்னை அடித்தான், தோளில் இருக்கிற காயம் அதுதான். அவன்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அப்போதும் நான் விடவில்லை. ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் ஐயா, வேறெதற்கும் இல்லை. அது வந்திருந்தால் ஓரத்தில் ஒரே அடி, எனக்கு இடம்கூடத் தெரியும்.

அவள் வாய் அசைந்தது. பலமுறை அசைந்தது. அண்ணே என்று ஆரம்பித்தது உதட்டிலிருந்தே தெரிந்தது, அதற்குப் பிறகு என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை. மன்னிச்சிருங்க என்றாளா, காப்பாத்துங்க என்றாளா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. நான் காதைக் கண்ணாடியில் வைத்துக்கூடக் கேட்டேன், என் கன்னம் அப்படி வெந்ததுதான். அது நல்ல கண்ணாடி, உள்ளே பேசுவது வெளியே வராது. அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.